நூலகரான கணித விரிவுரையாளர்

வன்னிப் பெருநிலப்பரப்பில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களின் இறுதியாண்டு மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆய்வேடு எழுதுகின்றனர். 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உருப்பெற்று 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களிலும் இதுவே வழமை. தலைப்பை விரிவுரையாளர் அங்கீகரிக்கின்றார். மாணவர் தரவு திரட்டப் புறப்படுகின்றார். அத்தலைப்புக்குரிய நூல்களும் அறிக்கைகளும் எங்கே உள்ளன என்ற வினாவோ, பெரும்பாலும் ஆய்வேட்டை ஒப்படைக்கும் திகதி நெருங்கிய பின்னரே நூலகரிடம் வந்து சேர்கின்றது. இக்குறை வன்னிக்கு மட்டும் உரியதன்று. எனினும் யுத்தத்தில் நூல்களையும் ஆவணங்களையும் பெருமளவில் இழந்த ஒரு மண்ணில் இதனால் விளையும் நட்டம் ஏனைய இடங்களைவிடப் பெரியது.

விரிவுரையாளரும் நூலகரும் தத்தம் அறைகளில் தனித்தனியே இயங்கினால் மாணவரின் ஆய்வு வளராது என்பதைத் தமது வாழ்க்கையாலேயே உணர்த்திச் சென்ற ஒருவர் தமிழ் மண்ணில் பிறந்தார். உலகெங்கும் நூலகவியல் பயில்வோர் இன்றும் அவரது பெயரைக் கற்றே மேற்செல்கின்றனர். சீர்காழி இராமாமிர்த இரங்கநாதன் என்ற அப்பெரியாரை நூல்களுக்கு எண் இடும் முறையைக் கண்டவர் என்ற அளவிலேயே எம்மிற் பலர் அறிவோம். அவர் முதலில் ஒரு கல்லூரி ஆசிரியர் என்பதும், அந்த ஆசிரிய மனமே பின்னர் அவரது நூலகப் பணி அனைத்தையும் வழிநடத்தியது என்பதும் போதிய அளவு பேசப்படவில்லை. எமது நோக்கில் அதுவே அவரது வாழ்வில் இன்று எமக்கு மிக வேண்டிய பகுதியாகும்.

இரங்கநாதன் 1892 ஓகஸ்ட் மாதத்தில் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதளவில் தந்தையை இழந்தார். பாடசாலை ஆசிரியராக இருந்த பாட்டனாரின் ஆதரவும் ஊர்ப் பாடசாலை ஆசிரியர்களின் பரிவுமே அவரை வளர்த்தன. திக்குவாய் அவருக்குத் தடையாக இருந்தது. அதனைத் தளராத பயிற்சியினாற் பெரிதும் வென்றார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1913 இல் இளமாணிப் பட்டத்தையும் 1916 இல் முதுமாணிப் பட்டத்தையும் பெற்றார். அங்கு அவருக்குக் கணிதம் கற்பித்தவர் எட்வர்ட் ரொஸ் என்ற பேராசிரியர். மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையே அங்கு முளைத்த நட்பு வகுப்பறையோடு முடிந்துவிடவில்லை. பிற்காலத்தில் நூலகவியலின் முதல் விதி பிறந்த வேளையிலும் அந்த ஆசிரியர் அருகில் இருந்தார் என்பதை நாம் பின்னர் காண்போம்.

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிற் பயிற்சி முடித்த இரங்கநாதன், 1917 இல் மங்களூர் அரசினர் கல்லூரியிற் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் கோயம்புத்தூரிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார். கற்பித்தலே அவரது விருப்பத்துக்குரிய தொழில். மாணவரோடு உரையாடாமல் ஒரு நாளையும் கழிக்க இயலாதவர் அவர். இந்நிலையிற் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கென முதன்முறையாக நூலகர் ஒருவரை நியமிக்க முடிவு செய்தது. ஊதியம் கூடுதலாக இருந்ததாலும் நண்பர்கள் வற்புறுத்தியதாலும் இரங்கநாதனும் விண்ணப்பித்தார். நூலகத் தொழிலில் அவருக்கு எவ்வித முன் அனுபவமும் இருக்கவில்லை. நேர்முகப் பரீட்சைக்குச் சற்று முன்னர் கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அவரது ஆயத்தம் என்பர். ஆயினும் அவரே தெரிவானார்.

1924 ஜனவரியிற் பதவியேற்ற இரங்கநாதன் சில நாட்களிலேயே மனம் சோர்ந்தார். மாணவரின் குரல் கேட்காத அறையும், எவரும் வந்து வினவாத நூல் அடுக்குகளும் அவரைத் தனிமையில் ஆழ்த்தின. அவர் கல்லூரிக்குத் திரும்பி ஓடி, மீண்டும் கணிதம் கற்பிக்க அனுமதிக்குமாறு வேண்டினார். அவரது மன்றாட்டத்துக்கு ஓர் இணக்கம் காணப்பட்டது. இலண்டன் சென்று நூலகத்துறையைப் பயின்று வரட்டும், அதன் பின்னரும் அத்தொழில் கசந்தால் அவரது கணித ஆசிரியப் பதவி அவருக்கே கிடைக்கும் என்பதே அந்த ஏற்பாடு. ஒருவரது ஆற்றலை அறிந்து அதற்குரிய அவகாசத்தையும் வழங்கிய அந்த நிருவாகத்தினரின் முன்யோசனை இன்றும் வியக்கத்தக்கது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்கு வழிகாட்டியவர் பெர்விக் சேயர்ஸ். பெயர்பெற்ற பகுப்பாக்க அறிஞரான சேயர்ஸ், குரொய்டன் நகரின் நூலகராகவும் விளங்கியவர். அவரது வழிகாட்டலில் இரங்கநாதன் இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றை நேரிற் கண்டார். அங்கே அவரை வியப்பில் ஆழ்த்தியது கட்டடங்களின் அழகு அன்று. தொழிலாளரும் இல்லத்தரசிகளும் சிறுவர்களும் நூலகத்துள் உரிமையோடு நுழைந்து நூல்களை எடுத்துச் சென்ற காட்சியே அவரது எண்ணத்தை மாற்றியது. சென்னையில் தாம் கண்ட வெறுமைக்கு நூலகம் என்ற நிறுவனம் காரணமன்று, அதனை நடத்திய முறையே காரணம் என்பதை உணர்ந்தார். கடை ஒன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளின் துண்டுகளைப் பொருத்திப் புதிய உருவங்கள் ஆக்கப்படுவதைக் கண்டபோது, அறிவின் கூறுகளையும் அவ்வாறே பொருத்தி ஒவ்வொரு நூலுக்கும் உரிய இடத்தைக் காட்டலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. கோலன் பகுப்பு முறையின் வித்து அதுவே.

1925 இற் சென்னை திரும்பியவர் கணித வகுப்புக்குத் திரும்ப விரும்பவில்லை. எனினும் அவர் ஆசிரியத் தொழிலைக் கைவிட்டார் என்று கூறுவதற்கில்லை. பூட்டிய அலுமாரிகளில் இருந்த நூல்களை மாணவர் தாமே எடுத்துப் பார்க்கத்தக்க திறந்த அடுக்குகளுக்கு மாற்றினார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீடித்தார். தேடி வரும் மாணவரின் வினாவைக் கேட்டு, அவருக்கு வேண்டிய நூல் வரை அழைத்துச் செல்வதற்கென உசாத்துணை நூலகர்களை அமர்த்தினார். பணியாளர் எவரும் மாணவரை விரட்டும் காவலராக இருக்கலாகாது என்பது அவரது கண்டிப்பான கொள்கை. 1936 இற் சேப்பாக்கம் கடற்கரையோரம் நூலகத்துக்குத் தனிக் கட்டடம் அமைந்தபோது அக்கொள்கைக்கு ஏற்ற இடவசதியும் கிடைத்தது.

அன்றாட வேலைகள் பெருகிய அக்காலத்தில், இவற்றுக்கெல்லாம் அடிப்படையான நெறிகள் சில இருக்க வேண்டும் என்று அவரது கணித மனம் தேடியது. கணிதத்தின் பெருந்தொகையான தேற்றங்கள் ஒரு சில வெளிப்படை உண்மைகளிலிருந்து கிளைப்பது போல, நூலகத்தின் நூறு விதமான நடைமுறைகளும் ஒரு சில விதிகளிலிருந்து கிளைக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1928 இல் ஒரு மாலைப்பொழுதிற் பேராசிரியர் ரொஸ் அவரைக் காண வந்தார். மாணவரின் மனக்குழப்பத்தைக் கேட்டறிந்த ஆசிரியர், நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பதையே நீ முதல் விதியாகத் தேடுகின்றாய் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிச் சென்றார். ஏனைய விதிகள் அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வந்தமைந்தன. நூலகவியலின் அடித்தளமாக உலகம் ஏற்றுக்கொண்ட ஐந்து விதிகளில் முதலாவது, ஒரு கல்லூரி ஆசிரியரும் ஒரு நூலகரும் கலந்து பேசியதிற் பிறந்தது என்பதை எமது விரிவுரையாளர்கள் சிந்தையிற் கொள்வது நன்று.

1931 இல் நூலாக வெளிவந்த அவ்விதிகளின் சாரத்தை எமது சொற்களில் இவ்வாறு கூறலாம். நூல் பூட்டி வைப்பதற்கன்றிப் பயன்படுத்துவதற்கே உள்ளது. எந்த வாசகருக்கும் அவருக்கு உரிய நூல் கிட்ட வேண்டும். எந்த நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிட்ட வேண்டும். வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது. இவற்றுள் மூன்றாவது விதிக்குக் கணித மேதை இராமானுஜனின் வாழ்வைவிடச் சிறந்த சான்று இல்லை. நூலகம் ஒன்றிலிருந்து நண்பர் வழியாகக் கைக்கு வந்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலே 1903 இற் பதினாறு வயது இராமானுஜனின் அறிவுக்கு வாயிலைத் திறந்தது. அந்த நூல் அடுக்கிலேயே கிடந்திருப்பின் உலகம் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு என்பது கணக்கில் அடங்காது. இராமானுஜனின் வாழ்க்கை வரலாற்றை இரங்கநாதனே 1967 இல் நூலாக எழுதினார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

1933 இற் கோலன் பகுப்பு முறையும் 1934 இற் பட்டியலாக்க விதிகளும் வெளியாகின. 1928 இற் சென்னை நூலகச் சங்கத்தை உருவாக்கிய அவர், மறு ஆண்டிலேயே நூலகப் பயிற்சி வகுப்பையும் தொடங்கினார். நூலகரும் ஆசிரியரைப் போன்று முறையாகப் பயிற்றப்பட வேண்டியவர் என்ற கருத்து அக்காலத்தில் இந்தியாவுக்குப் புதியது. நகரத்து மாணவரோடு அவரது அக்கறை நின்றுவிடவில்லை. நூலக இயக்கம் கிராமங்களை எட்டிய அக்காலத்தில், 1931 இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டன. அவர் இடையறாது வற்புறுத்தி வந்த பொது நூலகச் சட்டம் 1948 இற் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் அத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது.

இருபது ஆண்டுகள் சென்னையில் உழைத்த பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், அங்கு சீர்குலைந்து கிடந்த ஏறக்குறைய ஒரு இலட்சம் நூல்களைத் தாமே பகுத்து ஒழுங்கு செய்தார். அடுத்துத் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலை உயர் பட்டப் படிப்பாக வளர்த்தார். தமது சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, மனைவி சாரதாவின் பெயரையும் இணைத்து நூலகவியற் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார். 1962 இற் பெங்களூரில் ஆவணவாக்க ஆய்வுக்கும் பயிற்சிக்குமான நிலையத்தை உருவாக்கினார். 1965 இல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியராக்கியது. 1972 செப்டெம்பர் 27 ஆம் திகதி பெங்களூரில் அவர் மறைந்தார். ஓகஸ்ட் 12 ஆம் திகதி இந்தியாவில் அவர் நினைவாகத் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

ஈழத் தமிழருக்கும் இரங்கநாதனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1933 இல் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதரின் முயற்சியில் முளைத்த யாழ்ப்பாண நூலகத்தைப் பெருநூலகமாக்கும் திட்டம் 1950 களில் உருவானபோது, புனித பத்திரிசியார் கல்லூரியின் தலைவராக விளங்கிய லோங் அடிகளார் அதில் முன்னின்று உழைத்தார். அதன் அமைப்புப் பற்றி ஆலோசனை வழங்க இரங்கநாதன் அழைக்கப்பட்டார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் வரைந்தார். 1959 இல் அந்நூலகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கல்லூரித் தலைவர் ஒருவரும் நூலகர் ஒருவரும் ஒரே நோக்கில் இணைந்ததன் பேறு அது. 1981 ஆம் ஆண்டின் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலுமாக அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்ட இரங்கநாதன் அந்த அவலத்தைக் காணவில்லை.

வன்னியின் இழப்பு வேறு விதமானது. ஒரே இரவில் எரிந்த பெருநூலகம் அதற்கு இல்லை. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையும், அங்கிருந்து செட்டிகுளம் முகாம்கள் வரையும் மக்கள் இடம்பெயர்ந்தபோது பாடசாலை நூலகங்களும் வாசிகசாலைகளும் வீட்டு அலுமாரிகளும் சிறிது சிறிதாகக் கைவிடப்பட்டன. அதற்கு முன்னர், 1990 ஒக்டோபரில், முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களின் முஸ்லிம்கள் ஏனைய வடபுல முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டபோது அவர்களது வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் மதரசாக்களிலும் இருந்த கிதாபுகளும் பதிவேடுகளும் அவ்வாறே விட்டுச் செல்லப்பட்டன. இரு சமூகத்தாரின் பிள்ளைகளும் இன்று ஒரே பல்கலைக்கழக நூலகத்தில் அருகருகே அமர்ந்து தத்தம் ஊரைப் பற்றி ஆராய முற்படுகின்றனர். அவர்களுக்கு அங்கே கிடைப்பது என்ன என்பதே வினா.

கிடைக்கத்தக்கவை பல உள்ளன. கிளிநொச்சியின் விவசாய மாணவர் ஒருவர் வன்னியின் சிறு குளங்களை ஆய்வுக்கு எடுத்தார் எனக் கொள்வோம். 1895 இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், 1930 களில் ஆர். எல். புரோகியர் வெளியிட்ட இலங்கையின் பண்டைய நீர்ப்பாசன வேலைகள் பற்றிய நூல், நிருவாக அறிக்கைகள், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் ஆவணங்கள் என்பன அவருக்கு வேண்டியவை. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் மீள்குடியேற்றத்தையும் ஆராயும் மாணவிக்கு 2011 இல் வெளியான மக்கள் ஆணைக்குழு அறிக்கை இன்றியமையாதது. பேராதனைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய இயன் குணதிலக்க தொகுத்த இலங்கை பற்றிய நூல்விபரப் பட்டியலோ எந்தத் துறை ஆய்வாளருக்கும் திறவுகோல். விரிவுரையாளர் தமது துறையை அறிவார்; நூலகர் இத்தகைய மூலங்களுக்குச் செல்லும் வழியை அறிவார். இருவரது அறிவும் மாணவரிடம் ஒரே வேளையிற் சேர வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தவணை தொடங்குமுன் விரிவுரையாளர் தமது ஒப்படைத் தலைப்புகளை நூலகரிடம் காட்டினாலே பாதி இடர் நீங்கும். எந்தத் தலைப்புக்கு மூலங்கள் உண்டு, எதற்குப் பிற நூலகங்களிலிருந்து இரவல் பெற வேண்டும் என்பதை நூலகர் முற்கூட்டியே கூறிவிடுவார். பாடவேளைகளுள் ஒன்றையாவது நூலகத்தில் நடத்தி, அந்த ஒப்படைக்குரிய தேடலை விரிவுரையாளர் முன்னிலையிலேயே நூலகர் கற்பிக்கலாம். முதலாம் ஆண்டின் தொடக்கத்தில் நூலகத்தைச் சுற்றிக் காட்டுவதோடு கடமை முடிந்தது என்று கருதினால், தேவை எழாத காலத்திற் கேட்டதை மாணவர் மறந்துவிடுவர். ஆய்வேட்டுக்கான புள்ளிகளில் ஒரு பகுதியை மாணவர் மூலங்களைத் தேடிய முறைக்கும் அவற்றை மதிப்பிட்ட முறைக்கும் ஒதுக்கினால் தேடலும் படிப்பின் பகுதியாகும். துறைக் கூட்டங்களில் நூலகருக்கு ஓர் இருக்கை தருவதும் அவசியம். நூலகரும் மேசையில் அமர்ந்து காத்திராமல் விரிவுரையாளரின் கதவைத் தட்ட வேண்டும். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் உருவாகும் ஆசிரியர்களுக்கு இப்பழக்கம் வாய்த்தால் அது பாடசாலைகளுக்கும் பரவும்.

இன்றைய சூழலில் இதன் தேவை முன்னரிலும் கூடியுள்ளது. இணையத்திற் கண்டதை அப்படியே பெயர்த்தெழுதும் வழக்கத்தோடு, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு ஆய்வேட்டை நிரப்பும் போக்கும் சேர்ந்துள்ளது. எவரும் எழுதாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் தந்து உசாத்துணைப் பட்டியல் ஆக்கும் குறை அச்செயலிகளிடம் உண்டு. அந்த நூல் மெய்யாகவே உள்ளதா என்று சோதித்துப் பார்க்க மாணவருக்குக் கற்பிப்பவர் நூலகர். அந்த நூல் சொல்வது சரியா என்று ஆராயக் கற்பிப்பவர் விரிவுரையாளர். ஒருவர் இன்றி மற்றவரின் பணி குறையுடையதே.

அறிவைத் திரட்டி ஒழுங்கு செய்வது எமது இரு சமூகங்களுக்கும் புதியதன்று. ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த மரபு தமிழருடையது. வாசிப்பை முதற் கட்டளையாகப் பெற்ற சமயத்தைப் பின்பற்றும் முஸ்லிம்கள், பத்தாம் நூற்றாண்டிலேயே பக்தாதில் இப்னு அந்-நதீம் அரபு மொழியில் இருந்த நூல்களையெல்லாம் துறைவாரியாகத் தொகுத்த பெரும் பட்டியலைத் தந்தவர்கள். நூல் விற்பனையாளராக இருந்த அவர், அறிஞர்களோடு பழகியே அப்பட்டியலை ஆக்கினார். அதில் இடம்பெற்ற நூல்கள் பல பின்னர் அழிந்துபோயின. அவை இருந்தன என்பதை உலகம் இன்று அறிவது அப்பட்டியலாலேயே.

வன்னியில் மாணவர் எழுதும் ஆய்வேடுகளுக்கும் அத்தகைய பெறுமதி உண்டு. அழிந்த ஊர்களின் நினைவும், மீளக் குடியமர்ந்தோரின் வாழ்வும், குளங்களின் நிலையும் அவற்றிலேயே முதன்முறையாக எழுத்தில் ஏறுகின்றன. அவை ஆதாரமின்றி எழுதப்பட்டால் நாளைய ஆய்வாளர் அவற்றை நம்பமாட்டார். எழுதிய பின் தூசி படியக் கிடந்தால் எவரும் அவற்றைக் காணமாட்டார். எம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை மட்டுமே அடுத்த தலைமுறை படிக்கும் நிலை அதனால் உருவாகும். நல்ல ஆய்வேடுகளைத் தெரிந்து, பட்டியலிட்டு, எண்ணிம வடிவிற் பாதுகாத்து மக்கள் பார்வைக்கு வைப்பதை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உள்ள பீடங்களும் நூலகங்களும் கூட்டாக ஏற்க வேண்டும்.

கணித வகுப்பை விட்டு வர மனமில்லாது அழைத்து வரப்பட்ட ஒருவர், அந்த வகுப்பையே நூலகத்துள் கொண்டுவந்து உலகத்துக்கு வழிகாட்டினார். எமது விரிவுரையாளர்கள் தொழிலை மாற்ற வேண்டியதில்லை. வரும் தவணைக்கான ஒப்படைத் தலைப்புகளை எடுத்துக்கொண்டு, தமது நிறுவனத்தின் நூலகரிடம் ஒரு மணிநேரம் அமர்ந்து பேசினால் அது நல்ல தொடக்கமாகும் என நாம் கருதுகின்றோம்.